முதுகுப் பக்கம்

ஷாலெட் குவைத்தில் பதினோரு வருடம்
தோல் வார்டு நர்ஸ்.
இப்போது குழித்துறையில், ஆற்றுக்கு மேலே,
பழைய ரப்பர் ஷீட் குடோன் ஒன்றில்
நாலு ஸ்டீல் பாத்திரம், ஒரு தராசு, ஒரு கிரீம்.
ரப்பர் வாடை இன்னும் முழுக்கப் போகவில்லை.

“கிரீம் நல்லதாக்கும். கதைதான் இல்ல.
கதையில்லாம ஒருத்தனும் வாங்கமாட்டான்.
நீ ஒரு கதை கொண்டு வா, பிள்ளே.”

கன்னியின் மணலைக் கொண்டுபோனேன்.
நின்றுபோன கல்யாணத்தின் அரிசியும் பயறும்
உலை காணாமலே மணலாகி
கருப்பும் சிவப்புமாய்க் கரையில் கிடக்கும் கதை.
தேய்த்துக் குளிக்கும் ஸ்கிரப்புக்கு
இதைவிட என்ன வேண்டும் என்றேன்.
“மணவாளக்குறிச்சியில
தோரியத்துக்கு அள்ளுற மணலு.
அதையா மூஞ்சில தேய்க்கச் சொல்லுவ?”
லேப்டாப்பை மூடினேன்.

பிறகு முத்தாரம்மன்.
'முத்து' என்றே பெயர் வைக்கலாம்,
சின்னது, வாயில் உருளும்.
பேக்கிங்குக்கு வரும் தங்கபுஷ்பம்
டேப் வெட்டுவதை நிறுத்தி
கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள்.
ஏழு வயதில் அம்மை இறங்கியபோது
விட்டுப்போன குழிகள், எண்ணினால் ஒன்பது.
“அவ போட்டத அழிக்கதுக்கு
அவ பேரையே வைக்கியளா?”

அப்புறம்தான் யட்சி.
பனையோரம் நின்று சுண்ணாம்பு கேட்பவள்.
நிலம் தொடாத கால், கணுக்கால் வரை கூந்தல்,
வருமுன்பே வந்துவிடும் பாலைப்பூ வாசம்.
'நீலி' என்று எழுதிப் பார்த்தேன்.
அந்த ழகரமில்லாத லகரம்கூட
வழுக்கிக்கொண்டு போயிற்று.
சபையில் யாரோ கேட்டார்களாம்,
பிசாசு பேரா கிடைத்தது உனக்கு என்று.
ஷாலெட் சிரித்துவிட்டு வந்தாள்.
பத்தொன்பது ராத்திரி அவள் முகம் வரைந்தேன்.

சிவகாசிக்கு அனுப்பும் முன்
ஷாலெட் கேட்டாள்: “பின்பக்கம்?”
அங்கே வழக்கமானதுதான், சேர்மானம், தேதி,
பேட்ச் நம்பர், எறும்பு எழுத்தில்.
“அதில்ல. இவளுக்குப் பின்பக்கம்.”

கதையில் இவளுக்கு முதுகு கிடையாது.
முன்னால் பெண், பின்னால் பொந்து,
உளுத்த பலாமரம் போல.

ஷாலெட் கைகழுவிக்கொண்டே சொன்னாள்.
வார்டுக்கு ஒருத்தி வந்தாள், இருபத்திரண்டு வயது,
நிச்சயம் முடிந்தவள்,
உரித்த கிழங்கு மாதிரி முகம், மூத்திரத்தில் பாதரசம்.
பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.
முன்னால் ரோஜாப்பூ.
பின்னால் ஒரு எழுத்தில்லை.

“செத்தவனெல்லாம்
மூஞ்சியப் பாத்தே செத்தானுவ, பிள்ளே.
ஒருத்தனும் சுத்தி வந்து பாக்கல்ல.”

முகத்தை அழித்தேன்.
பத்தொன்பது ராத்திரிக்கும் பில் போட்டேன், கொடுத்தாள்.

இப்போது முன்பக்கம் வெறும் நீலம்,
நடுவில் விரல்நுனிச் சுண்ணாம்பாய் ஒரு வெள்ளைப் புள்ளி.
பின்பக்கத்தில் அவள் திரும்பி நிற்கிறாள்,
கூந்தலை இரண்டாய் வகிர்ந்து முன்னால் போட்டுக்கொண்டு.
பொந்து இருந்த இடமெல்லாம் எழுத்து,
பஸ் போர்டு அளவுக்கு இல்லாவிட்டாலும்
கண்ணாடி போடாமல் வாசிக்கிற அளவு:
தேங்காயெண்ணெய் எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு,
கெடாமலிருக்கப் போட்ட மருந்து எது, எதற்கு.
வாசனை: பாலைப்பூ அல்ல,
மும்பையிலிருந்து கேனில் வந்தது.
கடைசி வரி: வெளுக்காது.

மார்த்தாண்டத்தில் விஜுகுமார் கடையில்
பாட்டில்களை முதுகு காட்டி அடுக்கினோம்.
சாயங்காலம் போனால் எல்லாம் திரும்பியிருக்கும்.
“சாமான் கோவிச்சுக்கிட்டு நிக்குது மாதிரி இருக்கு மேடம்.”
திருப்பி வைத்தேன்.
மறுநாளும் அதே.

நேற்று யூனிஃபார்மில் ஒரு பெண்.
பாட்டிலைக் கையில் சுற்றி,
உதடு அசைய, ஒவ்வொரு வரியாய்.
குலசேகரம் பஸ் வந்து, ஹாரன் அடித்து, போய்விட்டது.
முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள்.

ஷாலெட்டுக்குப் போன் போட்டேன்,
வாங்கவில்லை என்று.
கரண்டி உரசும் சத்தம் நின்றது.

“வாசிச்சாளா?”